பலகைக்கு இந்தப் பக்கம்

பகலெல்லாம் சலவைக்கூடத்து நீராவியில் வெந்துவிட்டு வாஷ்டி வீடு வந்து சேர்ந்தபோது, முன்வாசலில் மதாம் யூஜெனி ரபுவான் நின்றுகொண்டிருந்தாள். ஆகஸ்ட் மழை அப்போதுதான் விட்டிருந்தது. தெருவிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. மழை நின்ற பிறகும் மதாம் குடையை மடக்கவில்லை. மடக்கினால் உள்ளே போக வேண்டியதாகிவிடும் என்பதுபோல நின்றாள்.

யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் வாஷ்டிக்கு முதலில் தோன்றியது. ரபுவான் குடும்பத்துப் பெண் ஒருத்தி பெரிய சாலையைத் தாண்டி இந்தப் பக்கம் வருவதென்றால் வேறு என்ன இருக்க முடியும்?

"உங்க வீட்டுக்காரரு மிசியே தியோவுக்கு ஏதாச்சும்...?"

"அவருக்கு என்ன, எப்பவும்போல இருமிக்கிட்டு இருக்காரு. உள்ள வரலாமா?"

வாஷ்டியின் அம்மா ரபுவான் வீட்டுத் துணிகளை வெளுத்தவள். சின்ன வயதில் வாஷ்டி வெளுத்த துணிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவாள். பக்கத்துச் சந்து வழியாக நுழைந்து, சமையலறைப் படியில் இறக்கி வைத்துவிட்டு, அதே சந்து வழியாகத் திரும்பிவிட வேண்டும். அந்த வீட்டு முன்கூடம் என்ன நிறம் என்றுகூட அவளுக்குத் தெரியாது. ரபுவான்களும் கறுப்பர்கள்தாம், சட்டம் அப்படித்தான் சொன்னது. ஆனால் பாட்டன் பூட்டன் காலத்திலேயே அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்று, சொந்தமாக வீடு கட்டி, பிரெஞ்சு பேசி, மதாம், மிசியே என்று மரியாதையாக அழைக்கப்பட்டு, கத்தோலிக்கக் கோயிலில் குடும்பப் பெயர் பொறித்த இருக்கையில் உட்கார்ந்து பூசை கண்டவர்கள். மதாமின் தோல் பழைய தந்தத்தின் நிறம். வாஷ்டியின் குடும்பமோ கரும்புக் காட்டிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்குப் பிழைக்க வந்தது, பாப்திஸ்து சபை, அடுப்புக்கரி நிறம். இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஓடிய அந்தச் சாலையின் அகலம் எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும்.

மதாம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கையுறையைக் கழற்றவில்லை. வாஷ்டி காலையில் ஊறப்போட்டிருந்த சிவப்பு பீன்ஸை அடுப்பில் ஏற்றினாள். திங்கட்கிழமை என்றால் ஊர் முழுக்க அதுதான் சமையல்.

"லியோன்டினுக்கு ஒரு இடம் வந்திருக்கு," என்றாள் மதாம், தன் மகளைப் பற்றி. "அவ வேலை பாக்கிற கடையிலயே செருப்புப் பகுதியில இருக்கிற ஆளு. வால்டர் ஹென்னிக்னு பேரு. செயின்ட் லூயிஸ்காரரு. வர்ற மாசம் ஊருக்கே திரும்பிப் போறாராம். கல்யாணம் பண்ணிக் கூட்டிட்டுப் போறேங்கிறாரு."

"வெள்ளைக்காரரா?"

"பின்ன?"

வாஷ்டி அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அவ ஒரு நாள் சரிங்கிறா, ஒரு நாள் முடியாதுங்கிறா. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவெச்சுட்டு எந்திரிச்சுப் போறா. நீ சொன்னாக் கேப்பா. போகச் சொல்லு."

"நான் எதுக்கு மதாம்? பெத்தவங்க நீங்க இருக்கீங்க."

"நான் சொல்லியாச்சு. போடி, போய்ப் பொழைச்சுக்கோன்னு சொல்லிட்டேன். என்னை விட்டுட்டுப் போயிடுவா. அவ அப்பாவைக்கூட அழுதுக்கிட்டாவது விட்டுட்டுப் போயிடுவா. உன்னை நெனச்சாத்தான் அவளுக்குக் கால் வரமாட்டேங்குது. அதுல எனக்கு என்ன பெருமையா இருக்கும்னு நீயே நெனச்சுக்கோ."

"வெள்ளைக்காரியாப் போனா திரும்ப வர முடியாது. கடுதாசி போட முடியாது. நீங்க செத்தாலும் வர முடியாது. தெரியுமில்ல?"

"நல்லாத் தெரியும்." மதாமின் குரல் இறங்கிவிட்டது. "என் அண்ணனும் அப்படித்தான் போனான். எங்க அம்மா அவனுக்குப் போர்வை தெச்சு வெச்சுக்கிட்டுக் கடைசிவரைக்கும் காத்திருந்தா. ஆனா ஒண்ணு, லியோன்டின் பெத்துக்கிற பிள்ளைங்களுக்கு எந்த இடத்துலயும் பின்வாசல் எங்கன்னு தேட வேண்டியதில்ல. அது போதும் எனக்கு."

வாஷ்டிக்கு வாயில் வந்தது. அடக்க முயன்றாள், முடியவில்லை.

"பின்வாசல் எங்கன்னு எனக்கும் தெரியும் மதாம். உங்க வீட்டுல."

மதாம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீ சொல்லிக் காட்டுவேன்னு தெரிஞ்சுதான் வந்தேன்," என்றாள்.

"சரி விடுங்க. பேசிப் பாக்கிறேன். சோறு ஆயிடும், ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

"இல்ல, வேண்டாம்," என்று எழுந்துகொண்டாள் மதாம்.

லியோன்டின் கனால் தெருவில் இருந்த ஒரு பெரிய கடையில் தொப்பி செய்கிற வேலைக்குச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. சேரும்போது யாரும் அவளை நீ யார் என்று கேட்கவில்லை. சாம்பல் நிறக் கண்ணையும், அம்மாவைவிட வெளுத்த கையையும் பார்த்தார்கள், வேலை கொடுத்தார்கள். கறுப்புப் பெண்ணுக்கு அந்தக் கடையில் தரை துடைக்கிற வேலைதான் கிடைக்கும். அப்பா தியோஃபில் சுவர் பூசுகிறவர். ஊரிலுள்ள பாதி மாளிகைகளின் விதானத்துப் பூவேலை அவர் கையால் ஆனது. அந்தச் சுண்ணாம்புத் தூசி நெஞ்சில் படிந்து அவர் வேலைக்குப் போக முடியாமல் ஆனபோது, லியோன்டின் 'அந்தப் பக்கம்' போனாள். வெள்ளையராக நடமாடுவதற்கு எங்களிடையே அப்படித்தான் பெயர். சிலர் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடுவார்கள். சிலர் ஒரேயடியாகப் போய்விடுவார்கள். தெரிந்தவர்கள் யாரும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். அது சொல்லாமலே இருந்த கட்டுப்பாடு.

துணிக்கூடை கொண்டுபோன காலத்திலிருந்தே சிநேகிதிகளான வாஷ்டியும் லியோன்டினும் காலையில் ஒரே டிராமில்தான் போவார்கள். அதன் இருக்கைகளின் முதுகில் துளை இருக்கும். அதில் ஒரு பலகை செருகியிருக்கும். பலகைக்கு முன்னால் வெள்ளையர், பின்னால் கறுப்பர். முன்னால் கூட்டம் அதிகமானால் வெள்ளைக்காரர் யாராவது பலகையைப் பிடுங்கி ஒரு வரிசை பின்னால் செருகுவார். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நிற்க வேண்டும். லியோன்டின் முன்னால் உட்காருவாள், வாஷ்டி பின்னால். ஏறும்போது தோள் உரசினால்கூட இருவரும் முகம் பார்க்க மாட்டார்கள். முதல் நாள் வாஷ்டி மறந்துபோய்ச் சிரித்துவிட்டாள். லியோன்டின் கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்ப்பதுபோல அவளைத் தாண்டிப் பார்த்தாள். அன்று சாயங்காலம் ரபுவான் வீட்டுக் கொல்லை வேலிக்கு அருகே நின்று அதற்காக அவ்வளவு நேரம் அழுதாள். "அடி போடி, எனக்குப் புரியாதா?" என்று வாஷ்டிதான் தேற்றினாள். அப்புறம் பழகிவிட்டது. பழகிவிட்டது என்றுதான் வாஷ்டி தன் கணவன் ரூஃபஸிடமும் சொல்லிவந்தாள்.

வாழைத்தார் இறக்கும் துறையில் சுமை தூக்குகிறவன் ரூஃபஸ். மதாம் வந்துபோனதைக் கேட்டு அவன் வாயைப் பிளந்தான்.

"அந்தம்மா இந்த நாற்காலியிலயா உக்காந்துச்சு?"

"அதுலதான்."

"இனிமே நான் அதுல உக்காரலாமா, இல்ல நின்னுக்கிட்டே சாப்பிடணுமா?"

"வாயை மூடிட்டுத் தின்னு."

"நீ என்ன சொல்லப் போறே அவகிட்ட?"

வாஷ்டி அவன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி பீன்ஸ் போட்டாள். அவளுக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை அரைநாள் வேலை. வாஷ்டி சந்து வழியாக ரபுவான் வீட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். அத்திமரத்தடியில் லியோன்டின் கம்போ என்கிற குழம்புக்காக இறால் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நறுக்கிய வெண்டைக்காய் ஒரு குவியல். பெரியவர் தியோஃபில், வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில், சாய்வு நாற்காலியில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா வாஷ்டி. வெண்டைக்காயை எவ்வளவு பெருசா நறுக்கியிருக்கா பாரு. கடையில தொப்பிக்குத் துணி வெட்டுறதும் இப்படித்தானா?"

"பாப்பா, நீங்க எந்திரிச்சு உள்ள போய்ப் படுங்க," என்றாள் லியோன்டின். பிரெஞ்சு பேசும் வீடுகளில் அப்பாவைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"புரியுது. ரெண்டு பேரும் ரகசியம் பேசணும். எனக்குக் காது வேற சரியாக் கேக்குது, அது ஒரு தொந்தரவு." எழுந்து, இருமி, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

வாஷ்டி முக்காலியை இழுத்துப்போட்டு இறாலில் கை வைத்தாள். தலையைத் திருகி, ஓட்டைக் கழற்றி, கறுப்பு நரம்பை உருவிப் போட்டாள். இருவருமாக ஒரு சட்டி நிறைய உரித்தார்கள்.

"அம்மா உன் வீட்டுக்கு வந்தாங்களாமே," என்றாள் லியோன்டின். "பாப்பாதான் சொன்னாரு."

"வந்தாங்க."

"என்ன சொல்லச் சொன்னாங்க?"

"போகச் சொல்லச் சொன்னாங்க."

"நீ சொல்றியா?"

"நல்ல ஆளா அவரு?"

"நல்லவருதான். மழை பெய்ஞ்சா அவரு நனைஞ்சுக்கிட்டு எனக்குக் குடை பிடிக்கிறாரு. வயசான பாட்டிங்களுக்கு மண்டி போட்டுச் செருப்பு மாட்டிவிடுறாரு. ஒரு நாள் கடையில கூட்டுற கறுப்புப் பையன் தண்ணியைக் கொட்டிட்டான். 'இந்தப் பசங்களே இப்படித்தான்'னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. கோவமாக்கூட இல்ல. எல்லாரும் சொல்றதுதானே. நானும் சிரிச்சேன் வாஷ்டி."

"சிரிச்சியா?"

"சிரிக்காம?"

வாஷ்டியின் கை நின்றது. "அப்ப நீ போயே ஆகணும். இங்க எதுக்கு இருக்கே? சிரிக்கவே கத்துக்கிட்டாச்சே."

"என்னடி இப்படிப் பேசுறே?"

"வேற எப்படிப் பேசணும்? இத்தனை வருஷமா தெனமும் காலையில உன் முதுகைப் பாத்துக்கிட்டுப் போறேன். உன் கழுத்துல எங்க மச்சம் இருக்குன்னு உங்கம்மாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஒரு நாள் சலவைக்கூடத்துல கை வெந்து, கட்டுப் போட்டுக்கிட்டு ஏறினேன். நீ பாத்தே. பாத்துட்டுத் திரும்பிக்கிட்டே. கட்டுப்பாடுதான், நான்தான் ஒத்துக்கிட்டேன். ஆனா அன்னிக்குச் சாயங்காலமாவது என்ன ஆச்சுன்னு நீ கேப்பேன்னு நெனச்சேன்."

"கேட்டேனே!"

"மூணு நாள் கழிச்சுக் கேட்டே."

லியோன்டின் எழுந்து நின்றாள். விரல் நுனியெல்லாம் இறால் நீர் சொட்டியது. "உனக்கென்னடி? உன்னை யாரும் கேக்க மாட்டாங்க நீ யாருன்னு. உன் மூஞ்சியே சொல்லிடும். நான் ஒவ்வொரு நாளும் காலையில வேற ஒரு ஆளைச் செருப்பு மாட்டுற மாதிரி மாட்டிக்கிட்டுப் போகணும். யாராவது திரும்பிப் பாத்தா கண்டுபிடிச்சுட்டாங்களோன்னு இருக்கு. நீ ஒரே ஆளாத் தூங்கி ஒரே ஆளா எந்திரிக்கிறே."

"ஆமா. அந்த ஒரே ஆளைத்தான் எழுப்பி நிக்க வெச்சுட்டுப் பலகையை நகத்துறாங்க. எனக்கு அது சொகம்தான்."

வாஷ்டி கையைக் கழுவிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தாள். போகச் சொல்ல வந்தவள், இரு என்றும் சொல்லாமல், போ என்றும் சொல்லாமல், உள்ளே இத்தனை நாள் ஊறிக்கிடந்ததைக் கொட்டிவிட்டுப் போகிறாள்.

சந்தின் முனையில் பெரியவர் நின்றிருந்தார்.

"சொன்னேனில்ல, காது சரியாக் கேக்குதுன்னு."

"மன்னிச்சுக்கங்க மிசியே தியோ."

"நீ பேசினதுல தப்பு ஒண்ணும் இல்ல. அவ பேசினதுலயும் இல்ல. எனக்கு ஒரு உதவி பண்ணு. நாளைக்கு அவங்க ரெண்டு பேரும் டிராம்ல ஏரிக்கரைக்குப் போறாங்களாம். எனக்கு அந்தப் பையனைப் பாக்கணும்."

"எப்படிப் பாப்பீங்க?"

"பின்னால உக்காந்துதான். நாம காசு குடுத்துத்தானே ஏறுறோம்? ஒரு வார்த்தை பேச மாட்டேன். எம் பொண்ணைக் கட்டிக்கிட்டுப் போறவன் கழுத்தையாவது பாத்துட்டு வந்துடுறேன். தனியாப் போனா யூஜெனி விட மாட்டா. நீ கூட வா."

வாஷ்டிக்கு இது நல்லதாகப் படவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல அவளால் ஆகவில்லை.

ஞாயிறு மதியம். வானம் கறுத்து, காற்றே இல்லாமல் புழுங்கியது. பெரியவர் மொடமொடப்பான வெள்ளைக் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டு, மீசையை நறுக்கிக்கொண்டு வந்திருந்தார். கல்யாணத்துக்குப் போகிறவர் போல இருந்தார். ஏரிக்கரையில் கறுப்பர்களை உள்ளே விடமாட்டார்கள். கடைசி நிறுத்தம்வரை போய், இறங்காமல் அதே வண்டியில் திரும்பிவருவதாகத் திட்டம்.

லியோன்டினும் வால்டரும் அவர்களுக்கு முந்தியே ஏறி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வாஷ்டியும் பெரியவரும் குனிந்த தலையோடு அவர்களைக் கடந்து பலகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். லியோன்டினின் தோள் ஒரு கணம் விறைத்தது. பார்த்துவிட்டாள். ஆனால் திரும்பவில்லை.

பெரியவர் கைத்தடியின் மேல் இரு கையையும் வைத்து, முன்னால் தெரிந்த செம்பட்டைத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காது நல்லா இருக்கு," என்றார் மெதுவாக.

"என்னது?"

"அந்தப் பையனுக்குக் காது நல்லா இருக்குன்னேன். ஒட்டினாப்புல இருக்கு. இப்படிக் காது இருக்கிறவன் வீட்டைக் காப்பாத்துவான்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. வேற என்ன தெரியுது எனக்கு இங்கேருந்து? தெரியறதை வெச்சுத்தானே சந்தோஷப்படணும்."

வாஷ்டிக்குச் சிரிப்பு வந்தது. வால்டர் ஏதோ சொல்ல, லியோன்டின் தலையை ஆட்டினாள். சிரிக்கவில்லை.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. சன்னல்களை எல்லாம் அடித்துச் சாத்தினார்கள். உள்ளே புழுக்கமும் ஈரத்துணி வாடையும் சுருட்டுப் புகையும் சேர்ந்து மூச்சு முட்டியது. பெரியவர் இருமினார். கைக்குட்டையால் வாயைப் பொத்தி அடக்கப் பார்த்தார். அடக்க அடக்க அது வேகமெடுத்தது. உடம்பு முழுவதும் குலுங்கியது. சன்னலைத் திறக்க வாஷ்டி இழுத்தாள். ஈரத்தில் ஊறி அது அசையவில்லை.

"ஏய், அங்க என்ன?" என்றார் சீட்டுக் கிழிப்பவர். "அந்தக் கிழவனுக்கு என்ன சீக்கு?"

"ஒண்ணுமில்லீங்க, கொஞ்சம் காத்து வந்தாச் சரியாயிடும்."

"சயரோகமா இருந்தா வண்டியில ஏத்தக் கூடாது. அடுத்த நிறுத்தத்துல எறங்குங்க."

"மழை கொட்டுதுங்க. இங்க ஒதுங்கக்கூட இடமில்ல."

"எறங்குன்னா எறங்கு."

முன்னாலிருந்து யாரோ ஒரு பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு கைக்குட்டையால் மூக்கை மூடினாள். வாஷ்டி பெரியவரின் முதுகை நீவிக்கொண்டே லியோன்டினின் கழுத்தைப் பார்த்தாள். அந்த இருமலைப் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள் அவள். ஒவ்வோர் இருமலுக்கும் அந்தத் தோள் ஒருமுறை அதிர்ந்தது. திரும்பாதே, என்று வாஷ்டி மனசுக்குள் சொன்னாள். நான் இருக்கிறேன், நான் பார்த்துக்கொள்கிறேன், நீ திரும்பாதே. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். நேற்று அத்தனை பேசியவள்தான்.

லியோன்டின் எழுந்தாள். டிராம் ஆட்டத்தில் ஒவ்வோர் இருக்கையாகப் பிடித்துக்கொண்டு நடந்து, பலகையைத் தாண்டி வந்து, அப்பாவின் காலடியில் மண்டியிட்டாள். அவர் கழுத்துப்பட்டியை அவிழ்த்தாள். மேல் பொத்தானைக் கழற்றினாள்.

"மெதுவா பாப்பா. மூக்கால இழுங்க. மெதுவா."

பெரியவர் அவள் கையைத் தள்ளிவிட்டார். மூச்சு வாங்கியபடி, "யாரும்மா நீங்க? போங்கம்மா, முன்னால போய் உக்காருங்க," என்றார். கண்ணில் நீர் வழிந்தது.

"சும்மா இருங்க பாப்பா."

"மிஸ், நீங்க இங்க இருக்கக் கூடாது," என்றார் சீட்டுக் கிழிப்பவர். "உங்க இடத்துக்குப் போங்க."

"என் இடம் இதுதான்."

"புரியலியே மிஸ்."

"இவரு என்னைப் பெத்த அப்பா. இது என் சிநேகிதி. இப்ப புரியுதா?"

வண்டியில் இருந்த தலைகளெல்லாம் திரும்பின. வால்டர் எழுந்து நின்றிருந்தான். கையில் அவளுடைய குடை. "லியோன்டின்?" என்றான். இன்னொரு தடவையும் கூப்பிட்டான். அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும் வால்டர். மன்னிச்சுக்கங்க," என்றாள். அவன் பலகைவரை வந்தான். அதைத் தாண்டவில்லை. குடையைப் பலகைக்கு மேலாக நீட்டி வாஷ்டியிடம் கொடுத்துவிட்டு, திரும்பிப் போய் உட்கார்ந்து, சன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினான்.

அடுத்த நிறுத்தத்தில் மூன்று பேரும் இறங்கினார்கள். ஓரத்தில் இருந்த ஓக் மரத்தடியில் பெரியவரை உட்கார வைத்து, இரண்டு பக்கமும் நின்று குடை பிடித்தார்கள். ஈரக்காற்று பட்டதும் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதல் முறையாகப் பட்டப்பகலில், ஊர் பார்க்க, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

பெரியவர்தான் முதலில் பேசினார்.

"கெடுத்துட்டேனே. காது அவ்வளவு நல்லா இருந்துச்சே!"

லியோன்டின் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து அழுதாள். வாஷ்டி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

வால்டர் கடையில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. பேசாமல் ஊருக்குப் போய்விட்டான். அந்த அளவுக்கு அவனும் நல்லவன்தான் என்று பிற்பாடு வாஷ்டி ஒத்துக்கொண்டாள். ஆனால் மூக்கை மூடிக்கொண்ட பெண்ணின் தங்கை அதே கடையில் கையுறை விற்பவள். செவ்வாய்க்கிழமையே லியோன்டினை வெளியே அனுப்பிவிட்டார்கள். அவள் ஊசிப்பெட்டியை எடுத்துக்கொள்ளக்கூட விடவில்லை. இத்தனை நாள் அவள் குடித்த தேநீர்க் கோப்பையைக் குப்பையில் போட்டார்களாம்.

மதாம் யூஜெனி மகளோடு பேசுவதை நிறுத்தினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "அவளைச் சாப்பிடச் சொல்லுங்க" என்று கணவனிடம் சொல்வாள். மகள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். வாரக்கணக்கில் இப்படியே ஓடியது. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரனா? நாலடி தூரத்துக்கு?" என்று பெரியவர் கத்தி, அதற்கும் இருமினார்.

லியோன்டின் பகல் முழுதும் வாஷ்டியின் வீட்டில் வந்து கிடந்தாள். வாஷ்டி வேலைக்குப் போன பிறகும் சாவியை வாங்கிக்கொண்டு இருப்பாள். இருவருக்கும் அது அவ்வளவு எளிதாக இல்லை. வேலியோரத்தில், மறைவில், அவசர அவசரமாகப் பேசியே பழகியவர்கள். நேரம் முழுக்கக் கையில் கிடைத்ததும் சின்னச் சின்ன உரசல்கள் வந்தன. லியோன்டினுக்கு வாஷ்டியின் காப்பியில் சிக்கரி போதாது. அவள் தட்டைக் கழுவாமல் வைப்பது வாஷ்டிக்குப் பிடிக்காது. "உங்க வீட்டு அழுக்கைக் கழுவ ஆள் இருந்துச்சு. எங்கம்மா. இங்க இல்ல," என்றாள் ஒரு நாள். லியோன்டின் முகம் சிவந்துபோனாள். அதற்கடுத்து அவள் ஒரு தட்டையும் கழுவாமல் வைத்ததில்லை. காப்பி மட்டும் அப்படியேதான் இருந்தது.

தொப்பி யோசனை வாஷ்டியுடையது. அவள் சபையில் பெண்கள் தொப்பி இல்லாமல் வரமாட்டார்கள். தொப்பிதான் அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆனால் கனால் தெருக் கடைகளில் கறுப்புப் பெண் தொப்பியைத் தலையில் வைத்துப் பார்க்கக் கூடாது. கையால் சுட்டிக் காட்டலாம், காசைக் கொடுக்கலாம், பெட்டியை வாங்கிக்கொண்டு போகலாம். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் காதுவரை இறங்கும், இல்லாவிட்டால் உச்சியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். திருப்பித் தர முடியாது.

"உனக்குச் செய்யத் தெரியும். எனக்கு நீராவியும் கஞ்சியும் தெரியும்," என்றாள் வாஷ்டி. "சலவைக்கூடத்துல சட்டைக் காலருக்குப் போடுற அதே கஞ்சிதானே? கம்பளியை ஆவியில காட்டி அச்சுல இழுத்தா நிக்காதா?"

"கஞ்சி இல்ல, அதுக்கு வேற பசை. ஆனா ஆவி பிடிக்கிறதுக்குக் கை வேணும். என் கை பொத்துப்போகும்."

"என் கை ஏற்கெனவே வெந்த கைதான்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லியோன்டின் அவள் வலது கையை இழுத்து, மணிக்கட்டில் இருந்த தழும்பின் மேல் பெருவிரலை வைத்தாள். வாஷ்டி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ரூஃபஸ் துறையிலிருந்து மரக்கட்டை கொண்டுவந்தான். மிசியே தியோ அதைச் செதுக்கித் தலை அச்சு பண்ணிக் கொடுத்தார். வெறும் மரத்தை அவரால் விட முடியவில்லை. ஒவ்வோர் அச்சின் அடியிலும் சின்னதாக ஒரு பூ செதுக்கினார். முதல் தொப்பி கோணிக்கொண்டது. இரண்டாவது சுருங்கிப்போனது. அதை ரூஃபஸ் தலையில் கவிழ்த்துக்கொண்டு தெருவெல்லாம் சுற்றினான். மூன்றாவதை, சபையில் எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிடும் லுசிண்டாவின் மைத்துனி வாங்கிக்கொண்டு போனாள். ஞாயிறு ஆராதனையில் அவளைத் திரும்பிப் பார்க்காத தலை இல்லையாம். அதற்குப் பிறகு வாஷ்டியின் முன்னறையில் கால் வைக்க இடமில்லாமல் போயிற்று.

அக்டோபர் கடைசி. கல்லறைத் திருநாளுக்குப் புதுத் தொப்பி வேண்டும் என்று அன்று ஒரே கூட்டம். சிஸ்டர் லுசிண்டா கண்ணாடிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். பணக்கார வீடொன்றில் சமையல் செய்கிறவள், அகலமானவள், தொண்டை இன்னும் அகலம். உட்கார்ந்தவள் எழுந்திருக்கும் வழியைக் காணோம். பச்சையைப் போட்டுப் பார்த்தாள், பழுப்பைப் போட்டுப் பார்த்தாள், மறுபடி பச்சை. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"ஏ லுசிண்டா, நீ என்ன குடியிருக்கவா வந்தே?"

"இரேன்டி. அறுபது வயசுல இன்னிக்குத்தான் கடைக் கண்ணாடியில என் தலையைப் பாக்கிறேன். நல்லா இருக்கு, பாத்துக்கிறேன்."

"எவ்வளவு நேரம் வேணாலும் பாருங்க," என்றாள் லியோன்டின், வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு.

அப்போது வாசலில் பேச்சு தணிந்தது. பெண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். மதாம் யூஜெனி உள்ளே வந்தாள். வாஷ்டி ஆவிப்பானையை இறக்கி வைத்தாள்.

மதாம் யாரையும் பார்க்கவில்லை. மகளின் எதிரில் போய் நின்றாள்.

"வீட்டுக்கு வர்றப்போ வெங்காயம் வாங்கிட்டு வா," என்றாள்.

இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் என்று யாரும் கேட்கவில்லை. லியோன்டின் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"எவ்வளவும்மா?"

"கம்போவுக்குத்தான். உனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டுத் திரும்பியவளின் கண் சிஸ்டர் லுசிண்டாவின் தலையில் பட்டது. பழுப்புத் தொப்பி. நேராக, பானைக்கு மூடி வைத்ததுபோல உட்கார்ந்திருந்தது. மதாம் இரண்டடி வைத்தாள், நின்றாள். கனால் தெருக் கண்ணாடிகளுக்கு எதிரே, கணவனைத் தெருமுனையில் காக்க வைத்துவிட்டு, வெள்ளைக்காரியாக உட்கார்ந்து தொப்பி போட்டுப் பார்த்தவள் அவள். எது எப்படி உட்கார வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பார்த்துக்கொண்டு போக அவளால் முடியவில்லை.

கையுறையைக் கழற்றினாள். வாஷ்டியிடம் நீட்டினாள், வாஷ்டி வாங்கிக்கொண்டாள். மதாம் குனிந்து, அந்தச் சமையல்காரியின் நரைத்த சுருட்டை முடியை விரலால் காதுக்குப் பின்னே ஒதுக்கி, தொப்பியைக் கழற்றி, ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்து, ஓரத்தை இறக்கிவிட்டாள்.

சிஸ்டர் லுசிண்டா மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். அறையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

"மதாம், இப்ப நான் யாரு மாதிரி இருக்கேன், சொல்லுங்க?"

"உங்களை மாதிரிதான் இருக்கீங்க," என்றாள் மதாம் யூஜெனி. "தலையை ஆட்டாதீங்க, இன்னும் ஊசி குத்தல. வாஷ்டி, அந்த நீள ஊசியை எடும்மா."